பெருச்சாளி விழுங்கிய கொக்கு

யேசுராஜைப் பற்றி யாராவது எழுதியே ஆகவேண்டும். வேறு யாரும் எழுதப்போவதாகத் தெரியவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். பல வருடங்களாக அவனுடைய வாலைப் பிடித்துக்கொண்டு துபாய் மால்களில் நடந்தவன் என்ற ஒரே ஒரு தகுதி எனக்கு இருக்கிறது.

வால் என்றால் நிஜமாகவே வால்தான். என் பெயர் சதக்கத்துல்லா, ஊர் கீழக்கரை. துபாயின் அல் கூஸ் பகுதியில் ஒரு நிகழ்ச்சிக் கம்பெனியின் குடோனில் வேலை. மிருக வேஷம் போட்ட ஆட்களை மால்களுக்குக் கொண்டுபோய்க் குழந்தைகள் முன்னால் ஆடவிடுவதுதான் கம்பெனியின் தொழில். வேஷத்துக்குள் இருப்பவனுக்கு முன்னால் இருப்பது சரியாகத் தெரியாது, பின்னால் இழுப்பது யார் என்பது சுத்தமாகத் தெரியாது. அவனை மேடைக்குக் கூட்டிப்போய், பிள்ளைகள் பிய்த்துவிடாமல் முழுசாகத் திருப்பிக் கொண்டுவர ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். குழந்தைகள் என்றாலே உருகிப்போகிறவர்கள் ஒரு பெருநாள் லீவில் என் இடத்தில் வந்து நிற்கட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

எங்களுக்குச் சோறு போடுவது இங்கிலாந்திலிருந்து வரும் ஒரு கார்ட்டூன் தொடர். அதில் முக்கியமானவர்கள் இரண்டே பேர். ஒருவர் பிம்ளி என்கிற கொக்கு. உயரம், ஒல்லி, எல்லாம் தெரிந்தவர் போல் ஒரு தோரணை. இன்னொருவர் பட்டன். குட்டை, குண்டு, கண் தெரியாது, நின்ற இடத்தில் மண்ணைத் தோண்டுவார். தமிழில் அந்தப் பிராணிக்கு அகழெலி என்று பேர் இருப்பதாக யாரோ படித்தவர் சொன்னார். நாங்கள் யாரும் அப்படி ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. பார்த்த உடனே பெருச்சாளி என்று சொல்லிவிட்டோம், அதுவே நிலைத்துவிட்டது.

கதை எப்போதும் ஒன்றுதான். "பயப்பட இங்கே ஒன்றுமே இல்லை" என்று கொக்கு பெரிய மனுஷத்தனமாகச் சொல்லும். பெருச்சாளி குழி தோண்டும். கொக்கு அதில் விழும். பெருச்சாளி காலைப் பிடித்து வெளியே இழுக்கும். பிறகு இரண்டும் உட்கார்ந்து டீ குடிக்கும். இத்தனை வருடத்தில் அந்தக் கொக்கு ஒருமுறையாவது கீழே பார்த்து நடக்கக் கற்றுக்கொண்டதா என்றால், இல்லை. பிள்ளைகளுக்கும் அது கற்றுக்கொள்ளாமல் இருப்பதுதான் வேண்டியிருக்கிறது.

இனி யேசுராஜ். கன்னியாகுமரிப் பக்கம் இனயம் கடற்கரையில் பிறந்தவன். அப்பா, சித்தப்பா, அண்ணன்மார் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்கு மட்டும் படகில் கால் வைத்தால் வாந்தி. "எங்க வீட்டுல எல்லாரும் மீன் பிடிச்சாவ பாய், நான் மட்டும் மீனுக்குத் தீனி போட்டேன்" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அதனால் மார்த்தாண்டத்தில் ஏசி மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டு துபாய்க்கு வந்தான். வளரவேண்டிய வயதில் பாதியில் நிறுத்திக்கொண்ட உயரம். அந்த உயரம்தான் அவன் தலையெழுத்தை மாற்றியது.

ஒருநாள் எங்கள் குடோனில் ஏசி ரிப்பேருக்கு வந்திருந்தான். அன்றைக்குப் பார்த்து பெருச்சாளிக்குள் இருந்த பிலிப்பைன்ஸ்காரர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். மேனேஜர் ஸஹ்ரா மேடம் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தால், ஏணியின் உச்சிப்படியில் நின்றும் ஏசி எட்டாமல் ஒரு ஆள் எம்பிக்கொண்டிருக்கிறான்.

"பாய், இறங்கு. யல்லா, சீக்கிரம் இதைப் போட்டுப் பார்" என்று இந்தியில் சொன்னார்.

"மேடம், எனக்கு இங்கிலீஷ் தெரியாதே" என்றான் யேசுராஜ்.

"பெருச்சாளி பேசாது" என்றார் மேடம்.

அது உண்மை. வசனம் எல்லாம் இங்கிலாந்திலிருந்து ஒலிப்பதிவாக வந்துவிடும். உள்ளே இருக்கும் ஆள் அதற்கேற்றபடி ஆடவேண்டும், அவ்வளவுதான். வாயைத் திறக்கக் கூடாது. குழந்தைகள் முன்னால் என்ன ஆனாலும் தலையைக் கழற்றக் கூடாது. கழற்றினால் அன்றே சீட்டுக் கிழிந்துவிடும்.

யேசுராஜ் சாதாரணமாக வாயில்லாப் பூச்சி. கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கச் சொன்னதற்காக அடுத்த ரெண்டு வாரம் காய்ச்சல் என்று ரூமிலேயே படுத்துக்கொண்டவன். பெருச்சாளித் தலையை மாட்டிவிட்டால் போதும், வேறு ஆளாகிவிடுவான். வேஷத்துக்குள் காற்றுக்காக இடுப்பில் ஒரு சின்ன ஃபேன் கட்டியிருக்கும். அதன் பாட்டரி ஆட ஆட நழுவி, உட்காரும் இடத்தில் போய்க் குத்தும். கையை உள்ளே விட முடியாது. அதனால் பின்பக்கத்தை இடமாக ரெண்டு ஆட்டு, வலமாக ஒரு ஆட்டு, ஒரு குதி என்று ஆட்டி அதை மேலே ஏற்றிவிடுவான். முதல் தடவை அப்படிச் செய்தபோது மால் முழுக்க அதிர்ந்து சிரித்தது. அதற்கப்புறம் பாட்டரி குத்தினாலும் குத்தாவிட்டாலும் அந்த ஆட்டம் உண்டு. இங்கிலாந்துப் பெருச்சாளிக்கு அது தெரியாது. துபாய்ப் பெருச்சாளிக்கு மட்டுமே சொந்தம்.

அவன் மனைவி ஜெஸி சவுதியில், அல் கோபாரில் நர்ஸ். மகள் ஜெர்லின் அம்மாவோடு இருக்கிறாள். ஒன்றாம் வகுப்பு. ஜெஸிக்கு அங்கே வேலை, இவனுக்கு இங்கே விசா. பகலில் டியூட்டி, சாயங்காலம் போனில் குடும்பம் என்று வாழ்க்கை ஓடியது.

ஒரு சாயங்காலம் நானும் அவனும் தங்கியிருந்த ரூமில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். யேசுராஜ் போனில் மகளோடு பேசிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் ஜெர்லின் கார்ட்டூன் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

"அப்பா! பட்டன் இஸ் ஸோ ஸ்டூப்பிட்!"

யேசுராஜின் முகம் சுருங்கிப்போனது.

"அப்பா, நீங்க அந்த ஷோலதானே ஒர்க் பண்றீங்க? நீங்க யாரு?"

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்ய, வெங்காயத்தைப் பார்த்தேன்.

"நானா மக்களே... நான் பிம்ளி."

ஒரு கணம் அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. பிறகு "ஓ! ஓகே அப்பா" என்றாள் ஜெர்லின். அவள் சந்தோஷத்தில் வாயடைத்துப் போனாள் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம்.

அதோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. பெருநாள் லீவுக்கு ஜெஸியும் மகளும் துபாய் வருவதாகத் தகவல் வந்தது. ஷோவில் முன்வரிசையில் உட்கார்ந்து அப்பாவைப் பார்க்கப்போகிறாளாம். வகுப்பில் எல்லோரிடமும் என் அப்பாதான் பிம்ளி என்று சொல்லிவிட்டாளாம். யேசுராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

"எனக்க மொவ என்னைய ஒரு முட்டாப் பெருச்சாளியா பாக்கக் கூடாது பாய். வருஷத்துல பத்து நாளுதான் நேருல பாக்கா. அந்தப் பத்து நாளும் அவளுக்கு நாணக்கேடா இருந்தா நான் என்ன அப்பன்?"

அவன் சொன்னது எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் கொக்கு வேஷம் ஆறடிக்கு மேல் உயரமுள்ள ஆளுக்காகத் தைத்தது. அதற்குள் இருப்பவன் வினோஜன், யாழ்ப்பாணத்துப் பையன், எங்கள் ரூம்காரன், நெட்டைக் கொக்குக்கு வேஷம் போடாமலே பொருத்தமானவன். யேசுராஜ் அவனிடம் போய் நின்றான்.

"மக்கா வினோஜா, அந்த ஒரு ஷோவுக்கு மட்டும் நான் கொக்கா நிக்கட்டா? நீ பெருச்சாளிக்கு உள்ள போ."

"அண்ணை, உங்களுக்கென்ன விசரே? என்ர ரெண்டு காலும் அந்தப் பெருச்சாளிக்குள்ள எப்பிடியண்ணை போகும்?"

"மடக்கி வை."

"மடக்கி வைக்க இதென்ன குடையே? உதெல்லாம் சரிவராதண்ணை."

யேசுராஜ் போய் அடுப்பைப் பற்றவைத்தான். அவன் வைக்கும் மீன்குழம்பு தேங்காய் அரைத்து, புளி ஊற்றி, பக்கத்து ரூம்காரர்களைக் கதவு தட்ட வைக்கிற சங்கதி. குழம்பு கொதித்தபோது வினோஜன் சட்டியருகே வந்து நின்றான்.

"ஒரு கிழமைக்கு நீங்கள்தான் சமைக்கோணும். சரியே?"

"ஒரு வாரம் என்னத்துக்கு, ஒரு மாசம் வைக்கியேன்."

"சரி, அப்ப நான் பெருச்சாளி."

ஸஹ்ரா மேடத்துக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே கலாஸ், கதை முடிந்திருக்கும்.

பெருநாளுக்கு மறுநாள் மாலை ஷோ. மேடைக்குப் பின்னால் யேசுராஜைக் கொக்குக்குள் இறக்கினோம். மஞ்சள் கால்கள் முழங்காலுக்குக் கீழே மடிப்பு மடிப்பாகத் தொங்கின. பால்பவுடர் டின் ரெண்டை அவன் செருப்புக்கு அடியில் நான் கயிறு போட்டுக் கட்டினேன். உயரம் கொஞ்சம் வந்தது, நடை போய்விட்டது. கொக்கின் கழுத்தில் பார்ப்பதற்கென்று ஒரு வலை உண்டு. வினோஜனின் கண் அதற்கு நேராக இருக்கும். யேசுராஜுக்கு டின்மேல் நின்றும் அண்ணாந்தால்தான் வலை தெரிந்தது. அதன் வழியே அவன் பார்த்தது மாலின் மேற்கூரை மட்டும்.

வினோஜனின் நிலைமை இன்னும் மோசம். பெருச்சாளியின் முதுகு ஜிப் பாதியில் நின்றுவிட்டது. கணுக்கால் ரெண்டும் வெளியே. முழங்காலை மடக்கி, முதுகைக் கூனி, கழிப்பறை கிடைக்காத ஆள் மாதிரி நின்றான்.

"பாய், நான் நிமிர்ந்தா இது கிழிஞ்சு போம்" என்று உள்ளேயிருந்து முனகினான்.

"நிமிராதே" என்றேன். வேறென்ன சொல்ல.

முன்வரிசையில் ஜெஸியும் ஜெர்லினும். ஜெர்லின் ரிப்பன் கட்டி, புது கவுன் போட்டு, மேடையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இசை தொடங்கியது.

கொக்கு டக், டக் என்று டின் சத்தத்தோடு வந்தது. "பயப்பட இங்கே ஒன்றுமே இல்லை" என்று ஒலிப்பெருக்கி இங்கிலீஷில் கம்பீரமாகச் சொன்னது. அப்போது கொக்கு கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் இருந்த செருப்புக்கடையைப் பார்த்துக் கும்பிட்டது. "திரும்பு, திரும்பு" என்று நான் ஓரத்திலிருந்து கத்தினேன். இசையில் அது எங்கே கேட்கும்?

அடுத்தது குழி. பஞ்சு மெத்தையில் வட்டமாக வெட்டி, பெருச்சாளி சைஸுக்குச் செய்த குழி. பட்டன் அதற்குள்ளிருந்து துள்ளி எழவேண்டும். வினோஜன் பாதி எழுந்தான், மீதி வரவில்லை. இடுப்போடு மாட்டிக்கொண்டு கையைக் கையை ஆட்டினான். "ஐயோ, நான் குழியில் விழுகிறேன்" என்று ஒலிப்பெருக்கியில் கொக்கு அலறுகிறது. கொக்கோ நின்ற இடத்தில் நிற்கிறது. குழியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது, அது எங்கே போய் விழும்?

இதற்கு மேல் என்ன கெட்டுப்போகும் என்று நான் நினைத்த நேரத்தில் பட்டனின் பாட்டு வந்தது. அந்தப் பாட்டுக்கு யேசுராஜ் எத்தனையோ மேடையில் ஆடியிருக்கிறான். காதில் விழுந்ததும் உடம்பு தானாக ஆடத் தொடங்கிவிட்டது. ஆறடிக் கொக்கு, மூக்கு வானத்தைப் பார்க்க, பின்பக்கத்தை இடமாக ரெண்டு ஆட்டியது, வலமாக ஒன்று ஆட்டியது, ஒரு குதி குதித்தது. டின்கள் இரண்டும் திசைக்கொன்றாக உருண்டன. கொக்கு மல்லாக்க விழுந்தது.

கூட்டம் சிரித்தது. ஜெர்லின் சிரிக்கவில்லை. நாற்காலிமேல் ஏறி நின்றாள். மால் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"அது பட்டன்! பட்டன் பிம்ளிக்குள்ள இருக்கான்! பிம்ளி பட்டன முழுங்கிட்டான்!"

சிரிப்பு நின்றது. ஒரு சின்னப் பையன் வீறிட்டு அழுதான். அவ்வளவுதான், பட்டனைக் காப்பாற்ற முன்வரிசை மொத்தமும் மேடையில் ஏறிவிட்டது. "யல்லா, பேக், பேக்!" என்று நான் கையை விரித்துக்கொண்டு ஓடினேன். என் இடுப்புக்குக் கீழே அவர்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். குழியில் மாட்டிய வினோஜனைப் போலிப் பட்டன் என்று நாலு பேர் அடித்தார்கள். மற்றவர்கள் கொக்கின் அலகைப் பிடித்துக்கொண்டார்கள். பெருச்சாளியை வெளியே எடுக்கவேண்டுமாம். கொக்கின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு வந்தது. இன்னும் ரெண்டு இழு இழுத்தால் கையோடு வந்துவிடும். வேலை போகும். அதைவிட, தலைக்குள்ளிருந்து வியர்வையில் நனைந்த அப்பா வெளியே வருவார்.

ஜெர்லின் எல்லோருக்கும் முந்திக்கொண்டு கொக்கின் நெஞ்சுமேல் ஏறினாள். கழுத்து வலையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். உள்ளே யேசுராஜ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டானாம். தான் கண்ணை மூடிக்கொண்டால் மகளுக்குத் தன்னைத் தெரியாது என்று நினைத்தானாம். இதை அவனே பிற்பாடு என்னிடம் வெட்கமில்லாமல் சொன்னான்.

அவள் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று திரும்பினாள்.

"ஸ்டாப்! யாரும் இழுக்கக் கூடாது! பிம்ளிக்கு வயித்து வலி. ஹீ நீட்ஸ் ரெஸ்ட். எல்லாரும் போய் அவங்கவங்க அம்மாகிட்ட உக்காருங்க!"

ஜெஸி வார்டில் நோயாளியின் சொந்தக்காரர்களை விரட்டும் குரல் அப்படியேதான் இருக்கும் போலிருக்கிறது. பிள்ளைகள் அலகை விட்டுவிட்டு வரிசையாக இறங்கிப் போனார்கள். எத்தனையோ வருடமாகச் செய்கிறேன், என் சொல்லைக் கேட்டு ஒரு குழந்தைகூட இறங்கியதில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

திரை விழுந்ததும் கொக்கை நானும் ஜெஸியும் இழுத்துக்கொண்டு உள்ளே போனோம். வினோஜன் குழியையும் இடுப்பில் மாட்டிக்கொண்டு பின்னால் வந்தான். நான் கொக்கின் தலையைக் கழற்றினேன். யேசுராஜ் குனிந்தே உட்கார்ந்திருந்தான். முன்னால் ஜெர்லின்.

"எனக்க மக்களே... அப்பா பிம்ளி இல்ல. அப்பா பொய் சொல்லிட்டேன்."

"ஐ நோ" என்றாள் ஜெர்லின். "யூ ஆர் எ வெரி பேட் பிம்ளி."

"ஒனக்கு நாணக்கேடா போச்சா?"

அவளுக்கு அந்த வார்த்தை புரியவில்லை. அம்மாவைப் பார்த்தாள். ஜெஸிக்கு அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன.

"இஞ்ச பாருங்க, ஒங்களுக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா? துபாய் பட்டன் ஆடுத வீடியோவ ராப்பகலா பாக்கா இவ. கார்ட்டூன்ல உள்ள பட்டன் ஆடாது, துபாய் பட்டன்தான் பெஸ்டுன்னு பள்ளிக்கூடம் பூரா சொல்லிட்டுத் திரியா. அது நீங்கதான்னு நானே சொல்லீருப்பேன். நீங்கதான் பிம்ளின்னு சொல்லிட்டியளே, கொக்குக்கு மாத்திட்டாவ போலன்னு நெனச்சேன்!"

"பட்டன் முட்டாளுன்னு சொன்னியே மக்களே" என்றான் யேசுராஜ்.

"யெஸ். ஸோ ஸ்டூப்பிட். ஐ லவ் ஹிம்." இதுகூடத் தெரியாதா என்பது போல் பார்த்தாள். பிறகு குரல் இறங்கியது. "நீங்க பிம்ளின்னு சொன்னதும் எனக்கு அழுகை வந்துச்சு. பட் நீங்க சேட் ஆயிடுவீங்கன்னு ஓகேன்னு சொன்னேன். டெய்லி பிரேயர்ல ஜீசஸ்கிட்ட கேட்டேன், ப்ளீஸ் அப்பாவ பட்டனா மாத்திடுங்கன்னு."

யேசுராஜ் அழுதான். கழுத்துக்குக் கீழே கொக்கு, மேலே மனுஷன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். ஜெர்லின் கொக்கின் இறக்கையை எடுத்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. கண்ணில் வெங்காயம் என்று சொல்லவும் அங்கே வெங்காயம் இல்லை.

அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு மால் அதிகாரி ஒரு பெண் வந்து நின்றார். கையில் வாக்கி டாக்கி, முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. வெளியே பெற்றோர் கூட்டம் சத்தம் போட்டுக்கொண்டிருப்பது கதவு வழியே கேட்டது.

"இந்த ஷோவில் பட்டன் யார்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

யேசுராஜ் எழுந்திருக்கப் பார்த்தான், மஞ்சள் கால் தட்டிவிட்டது. அதிகாரியின் பார்வை பெருச்சாளி உடம்போடு நின்ற வினோஜன் பக்கம் போனது. வினோஜன் பயத்தில் நிமிர்ந்துவிட்டான். முதுகு ஜிப் டர்ரென்று கிழிந்தது.

ஜெர்லின் வகுப்பில் ஆஜர் சொல்வது போல் கையை உயரத் தூக்கினாள்.

"மை அப்பா!"

அதிகாரி வினோஜனைக் காட்டி, "இவரா?" என்றார்.

"நோ, நோ. அந்த அங்கிள் யாருன்னு எனக்குத் தெரியாது." கொக்கின் இறக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தினாள். "இவர்தான் பட்டன். எங்க அப்பா."

அதிகாரி அந்தக் கொக்கை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கண்ணீரும் மூக்குச்சளியுமாக இருந்த முகத்தைப் பார்த்தார். பிறகு, அந்த ஆட்டம் ஆடிய பட்டனோடு படம் எடுத்துக்கொள்ள வெளியே வரிசை நிற்கிறது, சீக்கிரம் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வரிசையில் முதல் ஆளாகப் போய் நிற்க ஜெர்லின் அதற்குள் ஓடிவிட்டாள்.